நானறிந்தவரை உண்மை

என்னைப் பற்றி மூன்று பேர் கையெழுத்திட்ட மூன்று கடிதங்களையும் எழுதியது நான்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. முன்பக்கம் பிரதி எடுப்பார்கள், பின்பக்கத் தடுப்புக்குள் இரண்டு கம்ப்யூட்டர். மூன்று சாயங்காலம் அங்கே உட்கார்ந்தேன். முதல் நாள் நான் அரசமைப்புச் சட்டப் பேராசிரியர், மறுநாள் கல்லூரி முதல்வர், மூன்றாம் நாள் நான் இன்டர்ன்ஷிப் செய்த சீனியர் வக்கீல். பேராசிரியருக்கு நீளமான வாக்கியங்கள் கொடுத்தேன். முதல்வர் கறாரானவர், அதனால் அவர் கடிதம் முக்கால் பக்கத்தில் முடிந்தது. வக்கீல் சாருக்கு ஆங்கிலத்தில் வழக்கமாக வருகிற ஒரு பிழை உண்டு. அதையும் ஒரு இடத்தில் சேர்த்தேன். அப்போது அது எனக்குத் திறமையாகத்தான் தெரிந்தது.

யாரையும் ஏமாற்றி வாங்கியதில்லை. "டிராஃப்ட் பண்ணிட்டு வாம்மா, பாத்துட்டு சைன் போட்டுடறேன்" என்றுதான் மூவரும் சொன்னார்கள். பார்த்தது ஒருவர் மட்டும், அதுவும் தன் பெயரின் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று. ஒருவருக்கு மெயில் ஐடி கிடையாது. நான்தான் உருவாக்கிக் கொடுத்தேன், பாஸ்வேர்ட் என் நோட்டில் இருந்தது. பதிவேற்றும் லிங்க் இரவில் வந்தபோது அவருக்குப் போன் செய்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் ஓடிபியைப் படித்துச் சொன்னார், "ஆல் தி பெஸ்ட்ம்மா" என்றும் சொன்னார். அன்பான மனிதர்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அங்கே 1974இல் வந்த ஒரு சட்டப்படி, தன்னைப் பற்றிய கல்வி ஆவணங்களைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அந்தக் கட்டம் கேட்டது. ஆம் என்று டிக் செய்தேன். நானே தட்டச்சு செய்த கடிதத்தை இனி ஒருபோதும் பார்க்கமாட்டேன் என்று உறுதி கொடுத்தேன். அன்றைக்கு இதில் சிரிப்பதற்கு ஏதாவது இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தக் கதையைப் படிக்கிற சட்ட மாணவர்கள் யாரும் அதிர்ச்சி அடையமாட்டார்கள் என்று தெரியும். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை இப்போது சட்டம் படிப்பவர்களின் சாலை. 2018இல் உயர்நீதிமன்ற வளாகத்தை விட்டுக் கிளம்பிய அரசு சட்டக் கல்லூரியின் ஒரு பாதி புதுப்பாக்கத்துக்கு வந்தது. தனியார் சட்டப் பள்ளிகளும் இந்தப் பக்கம் உண்டு. தாம்பரத்திலிருந்து கிளம்பும் காலைப் பேருந்துகளில் கறுப்பு கோட்டை மடித்துக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களில் வெளிநாட்டு எல்.எல்.எம்.முக்கு விண்ணப்பிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "நாமதான் எழுதிக் குடுக்கணும், சார் சைன் பண்ணுவாரு."

எல்லோரும் செய்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். எல்லோரும் செய்கிற இந்தக் காரியத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

*

என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பரீட்சை எழுதி வேலைக்குச் சேர்ந்தவர். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: "எந்தச் சிபாரிசும் இல்லாம வந்தவன்." எங்கள் வீட்டில் சிபாரிசு என்பது ஏறக்குறைய கெட்ட வார்த்தை. நமக்குக் கிடைக்க வேண்டியதை இன்னொருவன் வாங்கிக்கொண்டு போவதற்குப் பெயர் அது. ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். படிப்புக்கு மூன்று கடிதம், கேம்பிரிட்ஜின் எல்.எல்.எம்.முக்கு இரண்டு கடிதம் வேண்டும் என்று சொன்னபோது அப்பா கேட்டார்: "அப்ப மார்க் எதுக்கும்மா?"

பரிந்துரை என்று அழகான பெயர் வைத்துவிட்டால் அது சிபாரிசு இல்லை என்று ஆகிவிடாது. அப்பாவின் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட அனுபவம் இருக்கிறது. நமக்குப் பழக்கமான நியாயம் முகம் பார்க்காத நியாயம். பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளில் இருக்கும் நம் பதிவெண்ணைக்கூட மறைத்து டம்மி நம்பர் போடுகிறார்கள். திருத்துகிறவருக்கு நாம் யார், எந்த ஊர், யார் பிள்ளை என்று தெரியக்கூடாது. இங்கே தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். சேர கிளாட் முதுகலைத் தேர்வு எழுதினால் போதும். உங்களைப் பற்றி யாரிடமும் ஒரு வரி கேட்கமாட்டார்கள்.

முகம் பார்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த மதிப்பெண்ணைத் தலைப்புவாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாகப் போட்டதை, பெரியகருப்பன் என்ற மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பத்து வருடம் கழித்து, 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. இரண்டையும் அரசமைப்புச் சட்ட வகுப்பில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்.

இது நம் ஊர்ச் சந்தேகம் மட்டுமில்லை. 1920களில் ஹார்வர்டில் மதிப்பெண்ணால் உள்ளே வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கை கூடியபோது, நிர்வாகம் 'குணநலன்' என்று ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தது. கடிதம், நேர்முகம், புகைப்படம் எல்லாம் அதன் கருவிகள். ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நல்ல குணம் உள்ளவன் என்று ஒருவர் எழுதுகிற கடிதம், நம்மவன் என்று சொல்வதற்கான நாகரிகமான வழியாக இருந்திருக்கிறது.

ஆகவே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது என் மனசாட்சி அமைதியாக இருந்தது. ஒரு கோணலான முறையை நான் கோணலாகவே சமாளிக்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஆனால் முகம் பார்க்காத நியாயமும் சிலரைப் பார்க்கத் தவறிவிடுகிறது. ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. தேர்வுத்தாளின் கணக்குப்படி அவர் தோற்றவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிக் கொடுத்த கடிதம் அவரிடம் இருந்தது. மறுவருடம், பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அதற்கும் அவருடைய கணக்கைப் பார்த்தவர்கள் எழுதிய கடிதங்கள்தான் காரணம்.

புதுப்பாக்கம் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவருடைய கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. பம்பாயில் சர்னி ரோடு தோட்டத்தில் தினமும் ஒரு பையன் உட்கார்ந்து படிப்பதை கேலுஸ்கர் என்ற பள்ளி ஆசிரியர் கவனித்தார். பேச்சுக் கொடுத்தார், புத்தகம் கொடுத்தார். அந்தப் பையன் மெட்ரிக் தேறியபோது, தானே எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றைப் பரிசளித்தார். பிறகு படிப்பு பணமில்லாமல் நிற்கவிருந்தபோது பரோடா மகாராஜா சயாஜிராவிடம் அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த வழி 1913இல் கொலம்பியா வரை போனது, பிறகு லண்டன், கிரேஸ் இன், சட்டம் என்று நீண்டது.

கேலுஸ்கர் செய்ததும் சிபாரிசுதான். என் அப்பா வெறுத்த சிபாரிசிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்று யோசித்திருக்கிறேன். அவருக்கு அந்தப் பையன் உறவில்லை, சாதியில்லை. அவன் படிப்பதை அவர் பார்த்திருந்தார். தான் பார்த்ததைப் போய்ச் சொன்னார், அவ்வளவுதான். அப்பா வெறுத்த சிபாரிசில் 'யார் பிள்ளை' என்பது மட்டும் போதும், பிள்ளையைப் பார்த்திருக்கத் தேவையே இல்லை.

என் மூன்று கடிதங்கள் இதில் எந்தப் பக்கம்? மூவரும் எனக்கு உறவில்லை, மூவரும் என்னைப் பார்த்ததுமில்லை. எண்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் நான் மூன்றாவது பெஞ்ச்.

*

எனக்கு இங்கிலாந்தில் ஓரிடம் கிடைத்தது. கல்விக்கடனில் ஒரு வருடம் படித்தேன். ஒரு பாடத்துக்கு வகுப்பில் பதினோரு பேர். வாரம் ஒரு கட்டுரை எழுதுவோம், ஆசிரியர் அதைப் படித்துவிட்டு நம் எதிரில் உட்கார்ந்து பேசுவார். படிப்பு முடிந்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது அவரிடம் கடிதம் கேட்டேன். பழக்கதோஷத்தில் "டிராஃப்ட் அனுப்பட்டுமா?" என்றேன். அவருக்கு நான் கேட்டது புரியவே இல்லை.

அந்த நேர்முகத்தில், எதிரே இருந்தவர் கடிதத்திலிருந்து ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார். நான் ஒரு விவாதத்தின் நடுவில் பேச்சை நிறுத்தி, 'நான் சொல்லிக்கொண்டிருந்தது தவறு' என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்துக்காக வாதாடத் தொடங்கினேன், இது இரண்டு முறை நடந்தது என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

எனக்கு அது நினைவிலேயே இல்லை. நினைவிருந்திருந்தாலும் அதை ஒரு தோல்வியாகத்தான் வைத்திருப்பேன். தாம்பரத்தில் என்னைப் பற்றி நானே எழுதியவை எல்லாம் 'கடின உழைப்பாளி', 'கூர்மையான அறிவு', 'தலைமைப் பண்பு' மாதிரிப் பொதுவான சொற்கள். அவற்றைப் பெயர் மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். இந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதியிருக்கவே முடியாது. என் முதுகை நான் பார்க்க முடியாத மாதிரி.

அந்த அறையில் சந்தோஷத்தோடு கூடவே ஒரு வருத்தமும் வந்தது. ஐந்து வருடம் ஒரு கல்லூரியில் இருந்திருக்கிறேன். அங்கே யாராவது என்னைப் பற்றி இப்படி ஒரு வரி சொல்லியிருக்க முடியுமா? 'டிராஃப்ட் பண்ணிட்டு வாம்மா' என்று அவர்கள் சொன்னதில் பாதி சோம்பல், மீதிப் பாதி ஒப்புதல் வாக்குமூலம்: உன்னைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

அதற்காக அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மனம் வரவில்லை. பதினோரு பேரைப் பார்ப்பதும் எண்பது பேரைப் பார்ப்பதும் ஒன்றில்லை. பார்ப்பதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். 'உன்னை அறிந்த மூவரைக் கூட்டி வா' என்று கேட்கிற பல்கலைக்கழகம், உலகத்தில் எல்லா மாணவர்களையும் யாராவது அறிந்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கைதான் முதல் பொய். நாங்கள் எழுதிய கடிதங்கள் அதற்கு நாங்கள் திருப்பிச் சொன்ன பொய்.

*

இப்போது நான் தாம்பரம், செங்கல்பட்டு கோர்ட்டுகளில் பிராக்டீஸ் செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஒரு கல்லூரியில் சாட்சியச் சட்டம் எடுக்கிறேன். 1872இல் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் எழுதிய அந்தச் சட்டம் போய், 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது. ஆனால் பழைய 60ஆவது பிரிவு புதியதில் 55ஆக அப்படியே இருக்கிறது: கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம் என்றால், பார்த்தேன் என்று சொல்கிறவர்தான் சாட்சி. வேறொருவர் சொல்லக் கேட்டேன் என்பது செல்லாது.

வகுப்பில் ஒருவர் கேட்டார்: "மேம், அஃபிடவிட்டும் நாமதானே டிராஃப்ட் பண்றோம்? கட்சிக்காரர் சைன்தானே போடறாரு?" நல்ல கேள்வி. ஆனால் அஃபிடவிட்டில் சொற்கள்தான் என்னுடையவை, சங்கதி கட்சிக்காரருடையது. யார் டைப் அடித்தார் என்பதில் பொய் இல்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தச் சங்கதி தெரியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதை இன்னும் நுணுக்கமாகக் கேட்கிறது. பிராதின் கடைசியில் போடுகிற வெரிஃபிகேஷனில், எந்தெந்தப் பத்தி என் சொந்த அறிவில் உண்மை, எந்தெந்தப் பத்தி பிறர் சொல்லி நான் உண்மை என்று நம்புவது என்று எண் போட்டுப் பிரித்துச் சொல்ல வேண்டும். நானறிந்தவரை உண்மை என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இது போதும் என்று நினைக்கிறேன். மாணவர் குறிப்பு எழுதிக் கொடுப்பதில் தப்பில்லை. ஆசிரியர் அதில் கோடு போட்டுப் பிரிக்கட்டும்: இது நான் பார்த்தது, இது அவர் சொன்னது. முதல் பகுதியில் எழுத ஒரு வரிகூட இல்லை என்றால், நான் இந்த வழக்கில் சாட்சியில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

இதைச் சொல்வது சுலபம் என்று போன நவம்பரில் தெரிந்துகொண்டேன்.

*

முடிச்சூரிலிருந்து வருகிற மாணவி, கடைசி வருடம். கடிதம் வேண்டும் என்று வந்தவள் கையோடு போனை நீட்டினாள். "டிராஃப்ட் ரெடி மேம். சாட்ஜிபிடிலயே போட்டுட்டேன். மூணு பேருக்கும் மூணு ஸ்டைல்ல குடுத்துடுச்சு." எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்த வேலை. வாங்கிப் படித்தேன். கடின உழைப்பாளி, கூர்மையான அறிவு, தலைமைப் பண்பு. அந்தச் சொற்கள் இன்னும் அங்கேயே இருந்தன.

"உக்காரும்மா" என்றேன். வெரிஃபிகேஷன் கதையைச் சொன்னேன். எழுபது பேர் வகுப்பில் ஒரே ஒரு பேப்பர்தான் உனக்கு எடுத்திருக்கிறேன், அதையும் எழுதுவேன் என்றேன். விண்ணப்பப் படிவத்தில் ஒரு அட்டவணை வரும்: ஆராய்ச்சித் திறன், எழுத்து, சுயசிந்தனை, ஒவ்வொன்றிலும் முதல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா. எனக்குத் தெரியாத கட்டங்களில் 'மதிப்பிட இயலவில்லை' என்று போடுவேன் என்றும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்: "மத்த எல்லாருக்கும் டாப் ஒன் பர்சென்ட்னு போட்டிருப்பாங்க மேம். எனக்கு மட்டும் தெரியலன்னு வரும். உங்க நேர்மைக்கு நான் ஃபீஸ் கட்டணுமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை முழுப் பதில் இல்லை. பொய்க் கடிதங்களால் போய்ச் சேர்ந்தவள் நான். ஏறிய பிறகு ஏணியைப் பற்றி ஒழுக்கம் பேசுகிறேன். எல்லாக் கடிதமும் கத்துகிற இடத்தில் நிதானமாகப் பேசுகிற கடிதம் குறை சொல்வதாகவே கேட்கும். என் மனசாட்சிக்கு நான் செலவழிக்கிற காசு அவள் பையில் இருந்து போகிறது. அறம் பேசுகிற நிறையப் பேர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, நானும் அதுவரை பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பட்டது. மௌனமாக இருந்துவிட்டு அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. பார்க்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால், உண்மையிலேயே எதையும் பார்க்கவில்லையா என்று தேட வேண்டும். அன்று இரவு தேடினேன்.

அதற்கு முந்தின வருடம் படப்பை பக்கம் ஒரு கிராமத்தில் சட்ட உதவி முகாம். வரிசையில் நாற்பது பேர். மாணவர்கள் மனு எழுதித் தர, நான் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மேஜையில் மட்டும் வரிசை நகரவில்லை. வீட்டு மனைப் பட்டாவுக்காக வந்த பாட்டி ஒருவர். பக்கத்தில் நின்ற மகன் சொல்லச் சொல்ல மனு தயாராகிவிட்டது, கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி. இந்தப் பெண் வைக்கவிடவில்லை. மனு முழுவதையும் பேச்சுத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம்மா, டைம் ஆகுது" என்று நான்தான் சத்தம் போட்டேன். படித்து முடித்ததும் பாட்டி கேட்டார்: "இதுல எம் பேரு எங்க?" மனு மகன் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். மகன் முறைத்துக்கொண்டு நின்றார்.

எரிச்சலோடுதான் பார்த்தேன், ஆனால் பார்த்தேன். கடிதத்தில் அதை எழுதினேன், நான் அவசரப்படுத்தியதையும் சேர்த்து. ஒரே பக்கம். முதல் மூன்று பத்திகள் என் சொந்த அறிவில் உண்மை, நான்காவது மாணவி தந்த விவரம் என்று கீழே குறித்தேன். அட்டவணையில் மூன்று கட்டங்களைத் தெரியாது என்றே விட்டேன். ஒன்றில் முதல் 1 சதவீதம் என்று டிக் செய்தேன், கை கூசாமல்.

ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து 'வருந்துகிறோம்' வந்துவிட்டது. அந்த மூன்று கட்டங்கள் காரணமா என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. இன்னொன்றுக்குக் காத்திருக்கிறோம். இந்த செமஸ்டரிலிருந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறேன், ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரில் நான் பார்த்த ஒரு விஷயம். மொத்தம் 140 பெயர். பாதிக்கு மேல் இன்னும் காலியாக இருக்கிறது.

கடிதத்தைப் பதிவேற்றிய மறுநாள் அவளிடம் முகாம் நிகழ்ச்சியை எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவளுக்கு நினைவில்லை. சற்று யோசித்த பிறகு முகம் தெளிந்தது. கடிதத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அந்தப் பாட்டிக்குப் பட்டா கெடச்சுதா மேம்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் அதற்குப் பிறகு விசாரிக்கவே இல்லை.